மருந்துப் பிழையும் மருத்துவமனை நிர்வாகமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒரு வழக்கிலிருந்து தொடங்குகிறேன். 2005 ஆகஸ்ட் 5 அன்று உச்ச நீதிமன்றம் ஜேக்கப் மேத்யூ வழக்கில் வழங்கிய தீர்ப்பைக் கேள்விப்படாத மருத்துவர் இந்த அரங்கில் இருக்க மாட்டார். ஒரு மருத்துவர்மீது குற்றவியல் நடவடிக்கை எடுக்கச் சாதாரண அசட்டை போதாது, மிகக் கடுமையான அசட்டை இருக்க வேண்டும் என்று சொன்ன தீர்ப்பு அது. அந்த வரி எல்லோருக்கும் மனப்பாடம். வழக்கின் கதைதான் மறந்துபோயிற்று. 1995 பிப்ரவரியில், லூதியானாவில் ஒரு மருத்துவமனையில், இரவு பதினோரு மணி வாக்கில் ஒரு முதியவருக்கு மூச்சுத் திணறல் கூடியது. மருத்துவர்கள் வந்து சேர இருபது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. வாயோடு இணைத்த ஆக்சிஜன் சிலிண்டர் காலி. மகன் பக்கத்து அறைக்கு ஓடிப்போய் இன்னொரு சிலிண்டரைக் கொண்டுவந்தார். அதைப் பொருத்தி இயக்க அங்கே வழியில்லை. இவ்வளவும் புகாரில் இருந்தவை. மருத்துவர்கள்மீதான குற்றவியல் வழக்கை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், போகிற போக்கில் இன்னொன்றையும் சொன்னது: சிலிண்டர் இல்லாமல் போனதற்கோ காலியாக இருந்ததற்கோ உரிமையியல் சட்டப்படி மருத்துவமனை பொறுப்பேற்க வேண்டி வரலாம்.

ஆக்சிஜனும் ஒரு மருந்துதான். நமது தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. அந்த இரவில் கட்டிலருகே நின்ற மருத்துவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் காலி சிலிண்டரிலிருந்து ஆக்சிஜனை வரவழைக்க முடியாது. சிலிண்டரை யார் எப்போது பார்த்து மாற்ற வேண்டும் என்பதை அன்று காலையிலேயே, ஏன் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்க வேண்டும். இன்று நான் பேச வந்தது அந்த மேசையைப் பற்றித்தான்.

மருந்துப் பிழை என்று எதைச் சொல்கிறோம் என்பதை ஒரு வரியில் தெளிவாக்கிவிடுகிறேன். முதன்முறை பெனிசிலின் போட்ட ஒருவருக்கு ஒவ்வாமை வந்தால் அது மருந்தின் குணம். பெனிசிலின் ஆகாது என்று கேஸ் ஷீட்டின் முகப்பில் எழுதியிருக்கும் ஒருவருக்கு அதையே போட்டால் அது பிழை. முன்னதைத் தடுக்க முடியாமல் போகலாம். பின்னது தடுத்திருக்கக்கூடியது. உலக சுகாதார நிறுவனம் 2017இல், இப்படித் தடுக்கக்கூடிய கடும் மருந்துத் தீங்கை ஐந்தாண்டுகளில் பாதியாகக் குறைப்போம் என்று அறைகூவல் விடுத்தது. மருந்துப் பிழைகளால் உலகம் ஆண்டுக்கு 4,200 கோடி டாலர் இழக்கிறது என்பது அப்போது அது சொன்ன கணக்கு. அந்த ஐந்தாண்டுகள் முடிந்து வெகுநாளாகிவிட்டது.

ஒரு பிழை நடந்த மறுநாள் மருத்துவமனையில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சம்பந்தப்பட்ட சிஸ்டருக்கு மெமோ. எழுத்து மூலம் விளக்கம். எல்லா வார்டுகளுக்கும் ஒரு சுற்றறிக்கை: மருந்து கொடுக்கும்போது அனைவரும் மிகுந்த கவனத்துடன் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். கையொப்பம், தேதி, முத்திரை. நிர்வாகம் எடுக்கக்கூடிய நடவடிக்கைகளிலேயே மிகவும் மலிவானதும் மிகவும் பலனற்றதும் இந்தச் சுற்றறிக்கைதான் என்பது என் கருத்து. கவனமில்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எந்தச் சிஸ்டரும் டியூட்டிக்கு வருவதில்லை.

வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தின் வரலாறு இதற்கு நல்ல சான்று. ரத்தப் புற்றுநோய்க்கு இதை நரம்பில், அதாவது சிரை வழியாக ஏற்றுவார்கள். அதே நோயாளிக்கு வேறொரு மருந்தை முதுகுத்தண்டு வழியாகச் செலுத்துவதும் உண்டு. வின்கிரிஸ்டின் தவறிப்போய் முதுகுத்தண்டில் ஏறினால் அநேகமாக மரணம்தான். தப்பிப் பிழைப்பவர்களுக்கும் பக்கவாதம். 2001 ஜனவரியில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில், நோய் கட்டுக்குள் வந்திருந்த 18 வயது இளைஞர் ஒருவர் பகல்நேரச் சிகிச்சைக்கு வந்தார். இரண்டு மருந்துகளும் ஒன்றாகவே வார்டுக்கு வந்து சேர்ந்தன. வின்கிரிஸ்டின் முதுகுத்தண்டில் ஏறியது. சில வாரங்களில் அவர் இறந்தார். ஊசி போடுவதை மேற்பார்வையிட்ட மருத்துவர் சிறைக்குப் போனார்.

அந்த மருத்துவர்களுக்கு வின்கிரிஸ்டினின் ஆபத்து தெரியாதா? எச்சரிக்கை இல்லையா? இருந்தது. இதே தவறு இங்கிலாந்திலேயே அதற்கு முன் பத்துக்கும் மேற்பட்ட முறை நடந்திருந்தது. இனி நடக்கவே கூடாது என்று அரசு 2000ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் இலக்கே வைத்திருந்தது. விசாரணை நடத்திய பேராசிரியர் பிரையன் டாஃப்ட், ஒரு மனிதரின் தவற்றோடு நிற்காமல், மருந்து எந்த வழியாக வார்டுக்கு வந்தது, யார் யாரிடம் என்ன சொன்னார்கள், புதிதாக வந்த மருத்துவருக்கு என்ன பயிற்சி தரப்பட்டது, இரண்டு ஊசிக்குழாய்களும் ஏன் ஒரே மாதிரி இருந்தன என்று ஒவ்வொரு கண்ணியாக ஆராய்ந்தார். கடைசியில் உலகம் கண்ட தீர்வு மிக எளிமையானது. 2007இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது இதுதான்: வின்கிரிஸ்டினைச் சிறிய ஊசிக்குழாயில் அடைத்து வார்டுக்கு அனுப்பாதீர்கள். மருந்தகத்திலேயே அதைச் சலைனில் கலந்து சிறு பையாக அனுப்புங்கள். முதுகுத்தண்டில் ஊசிக்குழாயால் சில மில்லி மருந்து ஏற்றுவார்கள். ஒரு முழுப் பையைக் குழாயோடு அங்கே மாட்ட எவருக்கும் கை வராது. எத்தனையோ ஆண்டுகள் எச்சரிக்கைச் சீட்டுகள் ஒட்டியும் தீராத பிரச்சினைக்கு வழி, பாத்திரத்தை மாற்றியதில் கிடைத்தது. அதை மாற்ற மருத்துவ ஞானம் தேவைப்படவில்லை. மருந்தகத்தில் ஒரு நிர்வாக உத்தரவு தேவைப்பட்டது.

இதே பாடத்தைப் பொட்டாசியம் குளோரைடும் சொல்கிறது. செறிந்த நிலையில் அதன் 10 மில்லி ஆம்பூல் பார்ப்பதற்குப் பச்சைத் தண்ணீர். ஊசி மருந்து கலக்க வைத்திருக்கும் டிஸ்டில்ட் வாட்டர் ஆம்பூலும் அப்படித்தான். நீர்க்காமல் நேரே சிரையில் ஏற்றினால் இதயம் நின்றுபோகும். 1998இல் அமெரிக்காவின் மருத்துவமனைத் தர ஆணையம் வெளியிட்ட எச்சரிக்கை வரிசையில் முதல் எச்சரிக்கையே இதைப் பற்றியதுதான். இங்கிலாந்திலும் 2002இல் இதே எச்சரிக்கையை விடுத்தார்கள். இரு நாடுகளிலும் சொன்னது ஒன்றே: பொது வார்டு அலமாரியிலிருந்து இதை எடுத்துவிடுங்கள்.

இந்த இடத்தில் நம் ஊர் நிர்வாகிகள் ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள். தாலுகா மருத்துவமனையில் இரவு இரண்டு மணிக்கு மருந்தகம் பூட்டியிருக்கும். மருந்தாளுநர் வீட்டில் இருப்பார். பொட்டாசியம் குறைந்த நோயாளி வந்தால் என்ன செய்வது? வேண்டும்தான். ஆனால் எட்டு வார்டுகளின் எட்டு அலமாரிகளிலும் வேண்டுமா? ஒரே ஓர் இடத்தில், தீவிர சிகிச்சைப் பிரிவில், தனிப் பெட்டியில், பூட்டி, வேறு எந்த ஆம்பூலும் பக்கத்தில் இல்லாமல் வைக்கலாம். எடுக்கும்போது இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்திடலாம். கலந்தே வரும் பைகள் கிடைக்கும் இடத்தில் அவற்றையே வாங்கலாம். இதற்குச் செலவு ஒரு பூட்டும் ஒரு பதிவேடும். செய்யாமலிருப்பதற்கு நான் கேட்ட காரணங்களில் பெரும்பாலானவை, அந்த ஆம்பூல் வருஷக்கணக்காக அங்கேதான் இருக்கிறது என்பதாகவே முடிந்தன.

நமது நாட்டில் தனியாகக் கவனிக்க வேண்டிய ஓர் ஆபத்து இன்சுலின். இதில் சற்று நின்று பேச வேண்டும். இங்கே குப்பியில் வரும் சாதாரண இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட் வலிமை உடையது. பேனாவிலும் கார்ட்ரிட்ஜிலும் வருவது மில்லிக்கு 100 யூனிட். கிளார்ஜின் போன்ற சில இன்சுலின்கள் குப்பியிலேயே 100 யூனிட் வலிமையில் வருகின்றன. இதற்கேற்ப ஊசிக்குழாயும் இரண்டு வகை. 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. மங்கலான டியூப் லைட் வெளிச்சத்தில், இரவுப் பணியின் கடைசி மணி நேரத்தில், சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் எவ்வளவு தூரம் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கணக்கைப் பாருங்கள். மருத்துவர் 20 யூனிட் எழுதுகிறார். சிஸ்டர் 40 யூனிட் ஊசிக்குழாயில் 20 என்ற கோடுவரை எடுக்கிறார். அது அரை மில்லி. குப்பியில் இருப்பது 100 யூனிட் வகை என்றால் உள்ளே போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. நோயாளி இரவில் சாப்பிடாமல் படுத்தால் விடிவதற்குள் சர்க்கரை எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. திருப்பிப் போட்டால், 40 வகை இன்சுலினை 100 ஊசிக்குழாயில் 20 கோடுவரை எடுத்தால், போவது 8 யூனிட் மட்டுமே. சர்க்கரை இறங்கவில்லை என்று காலை ரவுண்ட்ஸில் மருத்துவர் அளவைக் கூட்டி எழுதுவார். மறுநாள் சரியான ஊசிக்குழாய் கையில் கிடைத்துவிட்டால் அந்தக் கூட்டிய அளவு முழுதாக உள்ளே போகும். பேனாவுக்கான ஊசி தீர்ந்துபோனால் கார்ட்ரிட்ஜிலிருந்து சாதாரண ஊசிக்குழாயால் உறிஞ்சி எடுக்கும் வழக்கம் வேறு இருக்கிறது.

மருத்துவரின் எழுத்திலும் ஒரு கண்ணி உண்டு. யூனிட் என்பதை முழுதாக எழுதாமல் அதன் ஆங்கில முதலெழுத்தை மட்டும் எண்ணை ஒட்டிப் போட்டால், வேகமாக எழுதும் கையில் அது பூஜ்யமாகிவிடும். 10 என்று எழுதியது 100 என்று படிக்கப்படும்.

இதை எங்கே நிறுத்துவது? வார்டில் நிறுத்த முடியாது. மருத்துவமனைக்குள் இரண்டு வலிமைகளில் குப்பி இன்சுலின் வரலாமா என்று தீர்மானிப்பது கொள்முதல் குழு. எந்த ஊசிக்குழாய் வாங்குவது, இரண்டையும் ஒரே அலமாரியில் அடுக்குவதா என்பது ஸ்டோர். இந்த இரண்டு இடங்களிலும் சரியான முடிவு எடுத்திருந்தால் சிஸ்டர் கண்ணை இடுக்கிக்கொண்டு மூடியின் நிறம் பார்க்க வேண்டிய நிலையே வராது. விலை குறைவாகக் கிடைக்கிறது என்பதற்காக நடுவில் ஒரு மாதம் வேறு வகை ஊசிக்குழாய் வாங்கிப் போடும் ஸ்டோர், தான் எதைச் சேமித்தோம் என்று பெருமைப்படலாம். எதை வாங்கினோம் என்பது அதற்குத் தெரியாது.

மருந்து வாங்குவதைப் பற்றிப் பேசும்போது தமிழ்நாடு பெருமைப்பட ஒன்று இருக்கிறது. 1994இல் பதிவாகி 1995இல் பணி தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்துகளை ஒரே பட்டியலில், மருந்தின் மூலப்பெயரில், ஒரே இடத்தில் வாங்கி மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்புகிறது. மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதித்த பிறகே மருந்து வார்டுக்குப் போகிறது. வேறு மாநிலங்களும் இதைப் பார்த்து அமைத்துக்கொண்டன. ஊழலைக் குறைத்தது, தட்டுப்பாட்டைக் குறைத்தது என்றுதான் இதைப் பாராட்டுவார்கள். மருந்துப் பிழையைக் குறைப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு என்பது என் எண்ணம். ஒரு மருந்துக்கு ஒரு பெயர் என்றால் குழப்பம் பாதி தீர்ந்தது. தனியார் மருத்துவமனையில் ஒரே மருந்துக்கு ஏழெட்டு வணிகப் பெயர்கள் ஒரே அலமாரியில் கிடக்கும். ஃபால்சிகோ, ஃபால்சிடேப் என்ற இரண்டு மலேரியா மருந்துப் பெயர்களுக்கிடையேயான வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம், மற்றப் பொருள்களைவிட மருந்துப் பெயர்களில் ஒற்றுமையைக் கடுமையாகப் பார்க்க வேண்டும் என்று சொன்னது. சோப்பு மாறினால் தோல் வறளும், மருந்து மாறினால் ஆளே போய்விடுவார். இரண்டு கம்பெனிகளின் வணிகச் சண்டையில் நோயாளிக்காகப் பேசிய தீர்ப்பு அது. ஆனால் மருத்துவமனைக்குள் எந்தப் பெயர் நுழையலாம் என்று தீர்மானிக்க நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை. உங்கள் மருந்துப் பட்டியல் குழு போதும்.

அடுத்து, பிழை எந்தக் கட்டத்தில் நடக்கிறது என்பது. அமெரிக்காவில் லூசியன் லீப்பும் அவருடன் பணியாற்றியவர்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் படிக்கத்தக்கது. பாஸ்டனில் இரண்டு மருத்துவமனைகளில் பார்த்தார்கள். பிழைகளில் 39 விழுக்காடு மருத்துவர் எழுதும் கட்டத்தில், 38 விழுக்காடு செவிலியர் கொடுக்கும் கட்டத்தில். ஏறத்தாழச் சமம். ஆனால் மருத்துவர் எழுதிய பிழைகளில் கிட்டத்தட்டப் பாதி, நோயாளியைச் சேருமுன்பே யாராலோ பிடிக்கப்பட்டுவிட்டது. மருந்தாளுநர் கண்டுபிடித்தார், சிஸ்டர் கண்டுபிடித்தார். கொடுக்கும் கட்டத்தில் நடந்த பிழைகளில் பிடிபட்டது 2 விழுக்காடு. காரணம் வெளிப்படை. மருத்துவருக்குப் பின்னால் இரண்டு பேர் நிற்கிறார்கள். சிஸ்டருக்குப் பின்னால் நோயாளியின் கைநரம்பு மட்டும்தான்.

ஆக அவர் மருந்து கொடுக்கும் அந்த அரை மணி நேரத்தை நிர்வாகம் எப்படி வைத்திருக்கிறது? சிட்னியில் இரண்டு மருத்துவமனைகளில் ஜோஹன்னா வெஸ்ட்புரூக் குழுவினர் செவிலியர் பின்னாலேயே நடந்து கவனித்து 2010இல் எழுதினார்கள். மருந்து கொடுக்கும்போது ஒவ்வொரு முறை குறுக்கிடும்போதும் மருத்துவப் பிழை 12 விழுக்காட்டுக்கு மேல் கூடியது. நம் வார்டை நினைத்துப் பாருங்கள். டிராலியைத் தள்ளிக்கொண்டு போகும் சிஸ்டரிடம் ஒருவர் டிரிப் தீர்ந்துவிட்டது என்பார். இன்னொருவர் டாக்டர் எப்போது வருவார் என்பார். போன் அடிக்கும். காப்பீட்டுக் கோப்பில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிற்று என்று பில்லிங்கிலிருந்து ஆள் வரும். இரவு எட்டு மணி மருந்து நேரமும் டியூட்டி மாறும் நேரமும் ஒன்றாகவே வரும். இதில் எதையும் சிஸ்டரால் மாற்ற முடியாது. எல்லாவற்றையும் நிர்வாகத்தால் மாற்ற முடியும். மருந்து நேரத்தை ஒரு மணி தள்ளி வைப்பதற்கு யாரிடம் நிதி கேட்க வேண்டும்? ஆள் பற்றாக்குறை வேறு கதை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய செவிலியர் மன்றத்தின் அளவுகோல். அந்த விகிதத்தில் வார்டு நடத்துபவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன்.

மருந்தாளுநரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லீப் குழுவினரே 1999இல் இன்னொரு சோதனை செய்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் காலை ரவுண்ட்ஸில் ஒரு மூத்த மருந்தாளுநரையும் மருத்துவர்களோடு நடக்க வைத்தார்கள். எழுதும் கட்டத்துப் பிழைகளால் வரும் தீங்கு 66 விழுக்காடு குறைந்தது. சிறுநீரகம் பழுதானவருக்கு இந்த அளவு கூடுதல், இந்த இரண்டும் சேரக்கூடாது என்று பேனா தாளில் படும்போதே அவர் சொல்லிவிடுகிறார். இந்தியாவில் 2008 முதல் ஆறாண்டு ஃபார்ம்.டி. படிப்பு இருக்கிறது, இதற்காகவே. படித்து வந்தவர்களை நாம் எங்கே வைத்திருக்கிறோம்? கவுன்ட்டரில் பில் போட. காலையில் ஒரு மணி நேரம் அவர்களை வார்டுக்கு அனுப்பிப் பாருங்கள்.

வீட்டுக்குப் போகும் நோயாளிக்கும் அவர்கள் தேவை. மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் தரும் மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு முறை சாப்பிட வேண்டியது. தினமும் சாப்பிட்டுவிட்டால் எலும்பு மஜ்ஜையே வற்றிவிடும், உயிருக்கு ஆபத்து. வாரம் ஒன்று என்று சீட்டில் எழுதியிருந்தாலும் வீட்டில் மற்ற மாத்திரைகளோடு தினசரிப் பழக்கத்தில் அது கலந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று தமிழில் கிழமையைப் போட்டு எழுதிக் கொடுத்து, அவர் வாயால் ஒரு முறை திருப்பிச் சொல்லக் கேட்டு அனுப்ப இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தை டிஸ்சார்ஜ் நடைமுறையில் யாராவது சேர்க்க வேண்டும்.

கணினி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மென்பொருள் விற்க வருபவர்கள் சொல்வார்கள். பயன் இல்லாமல் இல்லை. பாஸ்டனின் பிரிகாம் மருத்துவமனையில் நோயாளியின் கைப்பட்டையையும் மருந்தையும் பார்கோடால் சரிபார்த்தபோது, நேரத் தாமதம் நீங்கலாகக் கொடுக்கும் பிழைகள் 41 விழுக்காடு குறைந்ததாக 2010இல் ஆய்வு வந்தது. அதற்கு ஐந்தாண்டு முன்பு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ராஸ் காப்பல், மருந்து எழுதும் மென்பொருள் ஒன்று தானே 22 வகைப் பிழைகளுக்கு வழி வகுத்ததைப் பட்டியலிட்டார். இரண்டும் உண்மை.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் வாண்டர்பில்ட் மருத்துவமனையில் 2017 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். ஸ்கேனுக்குமுன் பதற்றம் தணிக்க மருந்து எடுக்க வந்த செவிலியர், கணினி அலமாரியில் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டினார். அவர் தட்டியது வணிகப் பெயர்; அலமாரியில் அந்த மருந்து மூலப்பெயரில் இருந்ததால் கிடைக்கவில்லை. தடையை விலக்கும் பொத்தானை அழுத்தி மீண்டும் தேடியபோது அதே எழுத்துகளில் தொடங்கும் வேறொன்று வந்தது. தசைகளை முடக்கி மூச்சை நிறுத்தும் வெக்குரோனியம். நோயாளி இறந்தார். செவிலியர் எச்சரிக்கைகள் பலவற்றைக் கவனிக்கவில்லை என்பது உண்மை. அந்தப் பொத்தானை அழுத்தாமல் அந்த நாள்களில் அங்கே வேலையே நடக்கவில்லை என்பது அவர் தரப்பு வாதம். தவற்றைத் தானே உடனே ஒப்புக்கொண்ட அவர் 2022இல் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டு, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்பட்டார். அமெரிக்கச் செவிலியர்கள் கொதித்தெழுந்தார்கள். இனி யார் உண்மையைச் சொல்வார்கள் என்று கேட்டார்கள்.

நம் நாட்டில் அந்தக் கேள்வியே தேவையில்லை, ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. தரச் சான்றுக்காக வைத்திருக்கும் மருந்துப் பிழைப் பதிவேட்டில் ஒரு மாதம் முழுக்கப் பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருக்கும் மருத்துவமனையை நான் நம்ப மாட்டேன். நூற்றுக்கணக்கான கட்டில், நாளுக்கு ஆயிரக்கணக்கான டோஸ், ஒரு பிழைகூட இல்லையா? பதிவேட்டில் எண்ணிக்கை கூடினால் அந்த வார்டில் பயம் குறைந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். பிழை நோயாளியைத் தொடுமுன் பிடிபட்ட கதைகள்தான் அதிலும் விலை உயர்ந்தவை. யாருக்கும் ஆபத்து வராமல் ஓட்டை எங்கே என்று காட்டிவிடுகின்றன.

எல்லாவற்றையும் மன்னித்துவிடு என்று நான் சொல்லவில்லை. குடித்துவிட்டு டியூட்டிக்கு வந்தவரையும், தெரிந்தே விதியை மீறியவரையும், பிழையை மறைக்க கேஸ் ஷீட்டைத் திருத்தியவரையும் தண்டிக்கத்தான் வேண்டும். மற்றவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த இடத்தில், அந்த நேரத்தில், அதே பயிற்சியோடு இன்னொரு நல்ல சிஸ்டர் நின்றிருந்தால் அவரும் இதையே செய்திருப்பாரா? ஆம் என்றால் மெமோவை எழுதிய மேசைக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.

அரங்கில் இருக்கும் மருத்துவமனை இயக்குநர்களிடமும் கண்காணிப்பாளர்களிடமும் ஒரே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். உங்கள் கொள்முதல் குழுவில் மருத்துவர் இருக்கிறார், கணக்கர் இருக்கிறார், ஸ்டோர் பொறுப்பாளர் இருக்கிறார். அடுத்த கூட்டத்திலிருந்து வார்டில் மருந்து கொடுக்கும் ஸ்டாஃப் நர்ஸ் ஒருவரையும் அதில் உட்கார வையுங்கள். புதிதாக வாங்கப்போகும் ஆம்பூலையும் ஊசிக்குழாயையும் முதலில் அவர் கையில் கொடுங்கள். இது வேறொன்றைப் போல இருக்கிறது, வேண்டாம் என்று அவர் சொன்னால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை வாங்காதீர்கள்.